முந்தானையும் பின்சக்கரமும்

சாலைப் பாடம் – 9

சென்ற வாரம் பைக் ஓட்டுபவரைப் பற்றிப் பேசினோம். இந்த வாரம் அவருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவரைப் பற்றி. அதற்கு ஆரணி பக்கத்துத் தேவிகாபுரத்துக்கே போவோம். அங்கே தறியிலிருந்து இறங்கும் பட்டுச்சேலை பைக்கில் ஊர் தாண்டுகிறது. நூலும் ஜரிகையும் பைக்கில் வந்து சேர்கின்றன. முகூர்த்த நாளில் பட்டு உடுத்திய பெண்கள் பின்சீட்டில் ஒருபக்கமாக உட்கார்ந்து போளூருக்கும் சேத்துப்பட்டுக்கும் கல்யாணத்துக்குப் போகிறார்கள்.

அவர்கள் உட்காரும் விதத்தைக் கவனியுங்கள். முகம் சாலையின் இடப்பக்கம் பார்க்கிறது. முந்தானை இடது தோளில். அப்படி உட்காரும்போது இடது தோள் வண்டியின் பின்பக்கம் வந்துவிடும். வண்டி வேகமெடுத்ததும் காற்று முந்தானையைப் பின்சக்கரத்தின் பக்கமாகவே வீசுகிறது. வலக்கை ஓட்டுபவரின் தோளில், இடக்கையில் குழந்தையோ பையோ. முந்தானையைப் பிடிக்க மூன்றாவது கை இல்லை.

துணியின் முனை ஆரக்கம்பிக்குள் நுழைந்தால் போதும், சக்கரம் முழுச் சேலையையும் இழுக்கத் தொடங்கிவிடும். நைந்த நூல்புடவை கிழிந்து விட்டுவிடலாம், பட்டு விடாது. இழுத்தால் அறாத இழைதான் நல்ல பட்டு என்பது நெசவாளிக்குத் தெரியும். அந்த வலுவே இங்கே ஆபத்தாகிறது. சேலை கிழியாமல், கட்டியிருப்பவரைப் பின்னால் சாய்த்துத் தள்ளுகிறது. பின்மண்டை சாலையில் மோதுகிறது. கழுத்தில் சுற்றிய துப்பட்டாவாக இருந்தால் கழுத்தையே நெரித்துவிடும். 1927 செப்டம்பர் 14 அன்று பிரான்சின் நீஸ் நகரில், புகழ்பெற்ற நடனக் கலைஞர் இசடோரா டங்கன் திறந்த காரில் கிளம்பியபோது, கழுத்தில் இருந்த நீளமான பட்டுத் துணி சக்கரத்தில் சிக்கித்தான் இறந்தார்.

இதைத் தடுக்கச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-ஆவது விதி, பின்சீட்டுக்குக் கைப்பிடியும் கால் வைக்க இடமும் வேண்டும் என்கிறது. துணி சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பும் வேண்டும் என்கிறது. ‘சாரி கார்டு’ என்று நாம் சொல்வது அதைத்தான். வண்டிக்கு அழகில்லை என்று அதைக் கழற்றிப்போடும் தம்பிகளே, உங்கள் அம்மாவும் அக்காவும் உட்காரும் சீட் அது. கழற்றியிருந்தால் இன்றே மாட்டிவிடுங்கள்.

சாரி கார்டு இருந்தாலும் சக்கரம் முழுவதும் மறைவதில்லை. அதனால் முந்தானையை முன்னால் கொண்டுவந்து இடுப்பில் இறுக்கிச் செருகிய பிறகே வண்டியில் ஏறுங்கள். துப்பட்டாவைக் கழுத்தில் சுற்றாமல், இரண்டு முனைகளையும் முன்பக்கம் அடக்கிக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார முடிந்தால் இன்னும் நல்லது. ஓட்டுபவர் கியர் போடும் முன் ஒருமுறை திரும்பிப் பார்க்க வேண்டும். பின்னால் இருப்பவரின் சேலைக்கு அவரும் பொறுப்பு.

சிக்கிவிட்டால் ஆக்சிலேட்டரை விட்டு, குலுக்காமல் உடனே நிறுத்தி இன்ஜினை அணையுங்கள். துணியை இழுக்காதீர்கள், சக்கரத்தைப் பின்னோக்கிச் சுற்றுங்கள். கழுத்தை இறுக்கியிருந்தால் வெட்டிவிடுங்கள், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பட்டானாலும் சரி. விழுந்தவரின் கழுத்து அசையாமல் பார்த்துக்கொண்டு 108-ஐ அழையுங்கள். 2021 டிசம்பரில் தொடங்கிய ‘நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், அதில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம்.

ஹெல்மெட் இருவருக்கும் கட்டாயம். 2022-இல் இந்தியச் சாலைகளில் ஹெல்மெட் இல்லாமல் இறந்த 50,029 பேரில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள். கொண்டை கலையும், பூ நசுங்கும் என்பது உண்மைதான். பூவை மண்டபத்தில் இறங்கி வைத்துக்கொள்ளலாம்.

பட்டைத் துவைக்கும் முறையைச் சொல்லித்தரும் கடைக்காரர்கள் இதையும் சொல்லலாமே. சேலைப் பெட்டிக்குள் ஒரு சின்னச் சீட்டு: ‘பைக்கில் ஏறும் முன் முந்தானையைச் செருகுங்கள்.’ சேலைக்குப் பேர்போன தேவிகாபுரமும் ஆரணியும் இதைத் தொடங்கிவைத்தால் தமிழ்நாடே பின்பற்றும்.

அடுத்த வாரம்: பைக்கில் பாரம் ஏற்றுவது எப்படி?

(தொடரும்)