சமூக அடையாளமும் ஆக்கச் சிந்தனையும்

ஆக்கச் சிந்தனை என்றவுடன், தனி மனிதர் ஒருவரின் உள்ளத்தில் எதிர்பாராது தோன்றும் ஒளியையே நாம் எண்ணிப் பழகியிருக்கிறோம். கவிஞர் தனித்திருந்து பாடுகிறார். அறிஞர் தனித்திருந்து ஆராய்கிறார். போதகரும் அறைக்கதவைச் சாத்திக்கொண்டே அருளுரை ஆயத்தம் செய்கிறார். ஆயினும் தாம் எந்த மக்களைச் சேர்ந்தவர் என்ற உணர்வு அந்த அறைக்குள்ளும் அவரோடு வந்து அமர்ந்துவிடுகிறது. எதை எண்ணத் துணியலாம், எதை எண்ண நாணவேண்டும் என்பதைப் பெரிதும் அவ்வுணர்வே வகுத்துவிடுகிறது. இதனைச் சமூக உளவியலார் சமூக அடையாளம் என்பர். திருச்சபையின் வழிபாட்டையும் இறையியலையும் பற்றிக் கவலைகொள்ளும் நாம் இதைச் சற்று ஊன்றி நோக்குவது நலம்.

இக்கோட்பாட்டை வகுத்தவர் ஹென்றி டாஜ்ஃபெல் (1919-1982). போலந்து நாட்டில் பிறந்த யூதர். பிரான்சில் கல்வி பயின்றபோது இரண்டாம் உலகப்போர் மூண்டது. பிரெஞ்சுப் படையில் சேர்ந்து ஜெர்மானியரிடம் சிறைப்பட்டார். போலந்து யூதர் என்று தெரிந்தால் உயிர் தப்பாது என்பதனால் பிரெஞ்சுக்காரராகவே தம்மைக் காட்டிக்கொண்டு பிழைத்தார். திரும்பி வந்தபோது அவருடைய குடும்பத்தார் கொல்லப்பட்டிருந்தனர். மனிதர் ஒருவருடைய குணநலன்களன்று, அவர்மேல் ஒட்டப்பட்ட குழுவின் பெயரே சாவையும் வாழ்வையும் தீர்மானிப்பதைக் கண்ணாரக் கண்டவர் எழுதிய உளவியல் இது. பின்னர் அவர் பிரிஸ்டல் நகரப் பள்ளி மாணவர்களை மிக அற்பமான காரணங்கொண்டு இரு குழுக்களாகப் பிரித்தார். க்ளே என்னும் ஓவியரை விரும்புவோர் ஒருபுறம், காண்டின்ஸ்கியை விரும்புவோர் மறுபுறம். அவ்வளவே. மாணவர்களோ பணம் பங்கிடும் வேளையில் தம் குழுவுக்கே சாதகம் செய்தனர். தமக்குச் சற்றுக் குறைந்தாலும் மற்றவரைவிடக் கூடுதலாக இருந்தால் போதும் என்றுகூடத் தெரிவு செய்தனர். இச்சோதனைகள் 1970, 1971ஆம் ஆண்டுகளில் வெளியாயின.

1979இல் டாஜ்ஃபெலும் ஜான் டர்னரும் எழுதிய கட்டுரையே நம் பொருளுக்கு நேரே வருகிறது. தாழ்வாக மதிக்கப்படும் குழுவினர் என் செய்வர்? சிலர் தனித்தனியே அக்குழுவை விட்டு வெளியேறி மேலேற முயல்வர். சிலர் ஒன்றுபட்டு மேலிருப்போரோடு நேரே போராடுவர். இவ்விரண்டுக்கும் இடையே மற்றொரு வழியும் உண்டு: ஒப்பிடும் அளவுகோலையே மாற்றிவிடுவது. இதற்கு அவர்கள் இட்ட பெயர் சமூகப் படைப்பாற்றல்.

ஜெரார்ட் லெமேன் என்பவர் 1966இல் வெளியிட்ட சோதனையை அவர்கள் சான்றாகக் காட்டுகின்றனர். பிரெஞ்சுச் சிறுவர் முகாம் ஒன்றில் இரு குழுவினர் குடிசை கட்டும் போட்டியில் இறங்கினர். ஒரு குழுவுக்குப் பொருள்கள் குறைவாகத் தரப்பட்டன. குடிசையில் வெல்ல இயலாது என்றறிந்த அச்சிறுவர்கள் குடிசையைச் சுற்றித் தோட்டம் ஒன்றை அமைத்து, அதையும் கணக்கில் கொள்ளவேண்டும் என்று வாதிட்டனர். தோட்டம் என்னும் எண்ணம் நிறைந்த கைகளில் பிறக்கவில்லை.

திருமறையை அறிந்தோருக்கு இது புதிதாகத் தோன்றாது. சிலுவை, உரோமையர் அடிமைகளையும் கலகக்காரரையும் கொன்ற இழிவின் கருவி. அதனையே ஆதிச் சபையார் மேன்மைபாராட்டும் அடையாளமாக்கினர். கிறிஸ்தவர் என்னும் பெயரும் அந்தியோகியாவில் புறத்தார் இட்டதாகவே தோன்றுகிறது (அப். 11:26), அப்பெயரால் பாடுபடுவோர் வெட்கப்படவேண்டாம் என்று பேதுருவின் நிருபம் தேற்றுகிறது (1 பேதுரு 4:16). கொரிந்து சபையில் வல்லோரும் உயர்குலத்தோரும் அநேகர் இல்லை என்பதைப் பவுலடியார் மறைக்கவேண்டிய குறையாகக் கொள்ளவில்லை, அதிலிருந்தே தம் இறையியல் வாதத்தைத் தொடங்குகிறார் (1 கொரி. 1:26-28).

ஆனால் அடையாளம் சிந்தனைக்கு ஊற்றாவது போலவே அதற்கு வேலியும் ஆகும். இதற்கு நம் தமிழ்த் திருச்சபையிலேயே ஒரு சான்று உண்டு. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774-1864) குறவஞ்சி என்னும் தமிழ்ச் சிற்றிலக்கிய வடிவத்தை எடுத்துப் பெத்லகேம் குறவஞ்சி பாடியவர். அவருடைய கீர்த்தனைகளை இன்றும் நம் சபைகள் பாடுகின்றன. தமிழ் மரபில் ஊறிய ஒருவராலன்றி அது கூடியிராது. 1820களில் புதிதாக வந்த மிஷனெரிமார் தமிழிசையை வழிபாட்டிலிருந்து விலக்க முற்பட்டனர். சாதி வேறுபாட்டையும் சபையிலிருந்து அகற்ற முற்பட்டனர். சாஸ்திரியார் இரண்டையும் எதிர்த்தார். இசையைக் காத்ததற்காக அவருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். சாதியைக் காக்க அவர் எழுதியதையோ நாம் ஏற்க இயலாது. இரண்டும் ஒரே அடையாளத்திலிருந்து பிறந்தவை என்பதை மறைத்து அவரைப் புகழ்வது நேர்மையன்று. (அவருடைய நினைவுக் கூட்டங்களில் பிற்பகுதியை எவரும் சொல்லக் கேட்டதில்லை.)

ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராயிருந்த தியாபிலஸ் அப்பாவு (1940-2005) மறுமுனையிலிருந்து தொடங்கினார். கர்நாடக இசையும் மேனாட்டுப் பாமாலையுமே வழிபாட்டுக்கு உரியவை என்றிருந்த சபையில், கிராமத்து மக்களின் நாட்டுப்புற மெட்டுகளில் வழிபாட்டு முறைமையையே அமைத்தார். சீவாத தலையைக் குறிக்கும் 'பரட்டை' என்னும் ஏளனச் சொல்லைத் தமக்குப் புனைபெயராகச் சூட்டிக்கொண்டார். ஒரே உலையில் சமைத்து அனைவரும் பகிர்ந்துண்ணும் ஊண், திருவிருந்தின் பொருளை விளக்கும் இறையியலாயிற்று. 1990களில் மதுரையில் நடந்த தலித் கலைவிழாக்களில், சாவு வீட்டுக்கு மட்டும் உரியதென ஒதுக்கப்பட்ட பறை மேடையேறியது. லெமேனின் சிறுவர்கள் குடிசையைச் சுற்றி நட்ட தோட்டம் நினைவுக்கு வருகிறது. ஆயின் அப்பாவு தோட்டத்தோடு நிற்கவில்லை. குடிசைக்குரிய பொருள்களைப் பங்கிட்டவர் யார் என்றும் கேட்டார்.

இக்கேள்வி இன்றியமையாதது. அளவுகோலை மாற்றுவதால் தாழ்த்தப்பட்டோரின் தன்மதிப்பு உயரலாம்; நிலமும் கூலியும் அதிகாரமும் இருந்தபடியே இருந்துவிடலாம் என்பதை டாஜ்ஃபெலும் டர்னரும் மறைக்கவில்லை. மேலிருப்போருக்கும் இது வசதியான ஏற்பாடே. உங்கள் கலை அழகானது என்று பாராட்டிவிட்டுத் தேநீர்க் குவளையைத் தனியே வைத்துக்கொள்ளலாம் அல்லவா?

பல ஆண்டுகளுக்கு முன் நாம் பணியாற்றிய கிராமச் சபையொன்றில், அறுப்பின் பண்டிகைப் பவனியில் பறை முழங்கவேண்டும் என்று வாலிபர் விரும்பினர். கல்லூரியில் கற்றுவந்த ஆர்வத்தோடு நாமும் அதை ஆதரித்தோம். வேற்றுத் தெருவிலிருந்து எதிர்ப்பு வரும் என்று எதிர்பார்த்து, மறுமொழிகளையும் ஆயத்தம் செய்து வைத்திருந்தோம். எதிர்ப்பு வந்தது அவ்வாலிபருடைய தகப்பன்மாரிடமிருந்து. ஊரில் சாவு விழுந்த போதெல்லாம், நள்ளிரவாயினும் காய்ச்சலாயினும், அடிக்க அழைக்கப்பட்டு, மறுத்தால் அடிபட்டு, ஒருநாள் ஒன்றுகூடி இனித் தொடமாட்டோம் என்று பறைகளை ஓரங்கட்டியவர்கள் அவர்கள். பறையை விட்டதே அவர்களுடைய விடுதலை. அதுவும் ஓர் ஆக்கச் செயல்தான் என்பதை எமது பாடக்குறிப்புகள் கண்டிருக்கவில்லை.

கூட்டத்தின் முடிவில் மூப்பர் ஒருவர் எழுந்தார். வாலிபர் சொல்வதும் தமக்கு விளங்குகிறது என்றார். பறை தெய்வீகமான வாத்தியம் என்று ஐயர் போதிப்பது உண்மையானால், மேலத்தெரு விசுவாசிகளின் பிள்ளைகளும் வந்து அதைக் கற்றுக்கொள்வார்களா, தோளில் மாட்டிக்கொண்டு தம் பிள்ளைகளோடு ஊரைச் சுற்றி வருவார்களா என்று மட்டும் கேட்டார். மேலத்தெருவுக்குச் சென்று அதைக் கேட்டுப் பார்த்தோம். நான்கு வீடுகளில் காப்பி கொடுத்தார்கள். பிள்ளைகளுக்குப் பரீட்சை நெருங்குகிறது என்றார்கள். அவ்வாண்டுப் பவனி வழக்கம்போல் ஆர்மோனியத்தோடு நடந்தது.