கார் வாங்குமுன் ஒரு கணக்கு

தை மாதத்து அறுவடை முடிந்து, நெல் விற்ற பணம் பாங்கில் வந்து சேர்ந்ததும், தஞ்சை நாட்டு வீடுகளில் ஒரு யோசனை தலைதூக்குகிறது. "நாமும் ஒரு கார் வாங்கினால் என்ன?" என்பதே அது. கடன் கொடுக்கப் பாங்குகள் காத்திருக்கின்றன. கையில் கொஞ்சம் முன்பணம் இருந்தால் போதும். சில தினங்களில் வண்டி வாசலில் வந்து நிற்கும். இது அவரவர் வீட்டு விஷயம், பத்திரிகை இதில் தலையிடுவானேன் என்று சிலர் கேட்கக்கூடும். ஆற்று நீரை நம்பிப் பிழைக்கும் நாட்டிலே கடன் என்பது ஒருநாளும் வீட்டு விஷயமாக மட்டும் இருந்ததில்லை என்பதே நமது பதில்.

மோட்டார் நமது பிரதேசத்துக்குப் புதிதன்று. சென்ற நூற்றாண்டின் முற்பகுதியிலேயே பெரிய மிராசுதார்கள் சிலர் அதை வாங்கினார்கள். 1929-க்குப் பின் உலகெங்கும் வியாபார மந்தம் பரவி நெல் விலை விழுந்தபோது, விலையோடு கூடக் கடன் விழவில்லை. பத்திரத்தில் எழுதிய தொகை அப்படியே நின்றது. அதைத் தீர்க்க முன்னைவிட அதிக நெல்லை அளக்க வேண்டியதாயிற்று. அந்தப் பாடத்தை இன்று மறப்பதற்கில்லை.

இக்காலத்துக் கணக்கைப் பார்ப்போம். சாதாரணக் கார் ஒன்றின் விலை, வரி உள்பட 6 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 1 லட்சம் கைப்பணம். மீதி 5 லட்சம் நூற்றுக்குப் பத்து வட்டியில் 5 வருஷக் கடன். மாதத் தவணை சுமார் 10,620 ரூபாய். வட்டி மட்டும் ஏறக்குறைய 1,37,000 ரூபாய் ஆகிறது. மாதம் 500 கிலோமீட்டர் ஓட்டினால், லிட்டர் 100 ரூபாய் விலையில் பெட்ரோலுக்கு வருஷத்துக்கு 33,000 ரூபாய் வேண்டும். இன்ஷூரன்ஸ், பழுதுபார்த்தல், டயர் வகையறாவுக்கு 30,000 ரூபாய். ஆக, கடன் தீரும் வரையில் வருஷந்தோறும் 1,90,000 ரூபாய் கையை விட்டுப் போகும். நாட்டுக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்குக்கு மேல் அந்நிய தேசங்களிலிருந்து வருவதால், பெட்ரோலுக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதி கடல் கடந்து செல்கிறது என்பதும் நினைவிருக்கட்டும்.

இனி இந்தத் தொகையை நெல்லாக மாற்றிப் பார்க்க வேண்டும். 2025–26 பருவத்தில் ஊக்கத்தொகையும் சேர்ந்து சாதாரண ரக நெல்லுக்குச் சர்க்கார் நிர்ணயித்தது குவிண்டாலுக்கு 2,500 ரூபாய். ஏக்கருக்கு 24 குவிண்டால் கண்டு, சாகுபடிச் செலவு போக 25,000 ரூபாய் மிஞ்சுமானால் அது நல்ல வருஷம். அப்படிப்பட்ட வருஷத்திலும் காருக்கு ஏழரை ஏக்கரின் ஒரு போக லாபம் முழுவதும் வேண்டும். நமது கணக்கில் சொன்னால், ஒரு வேலிக்கு மேல்! ஊரில் ஒரு வேலி நிலம் உடையவர் இன்று எத்தனை பேர்?

அன்றியும், தவணை மாதந்தோறும் வரும். நெல் மாதந்தோறும் வராது. மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறப்பது வழக்கம். 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் தொடர்ந்து அந்தத் தேதியில் திறக்க இயலவில்லை. ஐந்து வருஷக் கடன் ஒன்று தொடங்கி முடிய அந்த எட்டு ஆண்டுகளே போதும். தண்ணீர் வந்து நன்றாக விளைந்தாலும், கொள்முதல் நிலையத்து வாசலில் மழை பிடித்துக்கொண்டு, ஈரப்பதம் 17 சதவீத வரம்பைத் தாண்டினால் குடியானவன் காத்து நிற்க வேண்டும். பாங்கு காத்து நிற்காது.

கடன் தீர்ந்த பிறகும் கார் இருக்குமே என்பார்கள். நியாயமான வாதந்தான். பத்து வருஷம் ஓட்டிய பின் ஒன்றரை லட்சத்துக்கு விற்பதாகவே கொள்வோம். எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தால் வருஷத்துக்கு 1,22,000 ரூபாய் ஆகிறது. 6,000 கிலோமீட்டருக்கு இதைப் பங்கிட்டால் கிலோமீட்டருக்கு 20 ரூபாய். வாடகைக் கார் 15 ரூபாய்க்குக் கிடைத்தால், டிரைவர் படியைச் சேர்த்தாலும் அதுவே மலிவு. அதே சொந்தக் கார் வருஷம் 12,000 கிலோமீட்டர் ஓடினால், பழுதுச் செலவு சற்று ஏறினாலும், 14 ரூபாய்க்கு இறங்கிவிடும். ஆகவே லாப நஷ்டத்தைத் தீர்மானிப்பது வண்டி ஓடும் தூரமே. தொழிலுக்காகத் தினமும் அலைபவரும், நோயுற்ற பெற்றோரை அடிக்கடி ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்பவரும் கார் வாங்குவதில் நமக்கு ஆக்ஷேபமில்லை. வாரத்தில் ஆறு நாள் வாசலில் நின்று வெயில் காயும் வண்டிக்குத்தான் ஆக்ஷேபம்.

இங்கே வேறொன்றும் சொல்ல வேண்டும். மேல்சாதியார் தெருவில் செருப்பணிந்து நடக்கவும் தடுக்கப்பட்டவர்கள் இந்த நாட்டில் இருந்தார்கள். அவர்களுடைய பேரன் அதே தெருவில் காரோட்டி வருவதை ரூபாய்க் கணக்கால் மட்டும் அளக்க முடியாது; அளக்க நமக்கு உரிமையும் இல்லை. அவரிடமும் நாம் வேண்டுவது ஒன்றே: போராடிப் பெற்ற கௌரவத்தைத் தவணைக் கடனுக்கு ஈடாக வைக்க வேண்டாம்.

பலர் கார் வாங்குவது ஆசையால் அன்று. பஸ் இல்லாத குறையால். 1861-லேயே நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சைக்கு ரயில் வந்துவிட்ட நாடு இது. 1972-ல் கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்டு சோழன் போக்குவரத்துக் கழகம் ஏற்பட்டது. 2021 முதல் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை. ஆயினும் கடைசிப் பஸ் போய்விட்ட பிறகு ஊர் திரும்ப வழியில்லாத கிராமங்கள் இன்னும் உண்டு. மனு எழுதத் தெரிந்தவரும் அதிகாரியைக் கண்டு பேசக் கூடியவரும் காரில் ஏறிவிட்டால், பஸ்ஸுக்காகக் காத்திருப்பவர் நடவுக்குப் போகும் பெண்ணும் பள்ளிச் சிறுவனுமே. அவர்களுக்காகக் கேட்பவர் யார்?

பொதுவாழ்வில் ஈடுபட்ட அன்பர்கள் இதை ஆலோசிக்க வேண்டும். மாதத்தில் நாலு நாளேனும் அவர்கள் பஸ்ஸில் பிரயாணம் செய்தால், எந்த ஊருக்கு எந்த நேரத்தில் வண்டி இல்லை என்பது மனுவின்றியே விளங்கும். கார் வாங்க எண்ணுகிறவர்களோ, அடுத்த தை வரையில் போய்வந்த தூரத்தை ஒரு நோட்டில் குறித்து வரட்டும். பன்னிரண்டாயிரத்தை எட்டினால் வாங்கட்டும். எட்டாவிட்டால் வாடகை வண்டியும் பஸ்ஸும் போதும். நிலமாவது கடனின்றி நிற்கும்.