விளம்பரம் ஏன் துரத்துகிறது?

ஹட்டனில் இருந்துகொண்டு இணையக் கடையொன்றில் சப்பாத்து விலை பார்க்கிறீர்கள். அடுத்துத் திறக்கும் செய்தித் தளத்திலும் அதே சப்பாத்து விளம்பரம். ஏன்?

இரண்டு தளங்களிலும் ஒரே விளம்பர நிறுவனத்தின் நிரல் இருக்கலாம். அது ‘குக்கி’ என்ற சிறு குறிப்பை உங்கள் உலாவியில் பதித்து, தன் நிரல் உள்ள தளங்களிலெல்லாம் உங்களை அடையாளம் காண்கிறது.

தடுப்பது எப்படி? பயர்பாக்ஸ் உலாவி ஒவ்வொரு தளத்தின் குக்கிகளையும் தனித்தனியே அடைத்து வைக்கிறது. ஆண்ட்ராய்டில் அதனுடன் ‘யூபிளாக் ஒரிஜின்’ நீட்சியையும் சேர்க்கலாம். பிரேவ் உலாவி பெரும்பாலான விளம்பரங்களையும் வேவு நிரல்களையும் தானாகவே தடுக்கிறது. ஐபோனின் சஃபாரியும் தளம் விட்டுத் தளம் பின்தொடர்வதைக் கட்டுப்படுத்துகிறது.

தடுக்கப்பட்ட விளம்பரம் தரவிறங்காது. அதனால் சிக்னல் மெலிந்த தோட்டங்களில் பக்கம் விரைவாகத் திறக்கும், டேட்டாவும் மிஞ்சும்.

உலாவியின் ‘இன்காக்னிட்டோ’ (மறைநிலை) முறை போதாதா? போதாது. அது முக்கியமாகக் கைப்பேசியில் வரலாற்றைச் சேமிக்காது. எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பது அப்போதும் தொலைபேசி நிறுவனத்துக்குத் தெரியும்.

இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஆனாலும் முதல் காவல் நம் கையில்தான். நல்ல உலாவியை நிறுவி, அமைப்புகளில் அதையே இயல்பு உலாவியாக மாற்றிவிடுங்கள்.