குமாஸ்தா வீட்டுப் பிள்ளையும் வக்கீல் ஆகலாம்!

சுனாபட்டியில் சுதேசி மில் 2000-ம் ஆண்டு மூடப்பட்டது. தொழிலாளர்களின் நிலுவைப் பணத்துக்கான வழக்கோ அதன் பிறகும் ஆண்டுக்கணக்கில் நடந்தது.

வேலை போனால் வக்கீலைத் தேடுகிறோம். குடிசைக்கு நோட்டீசு வந்தாலும், விபத்துக்கு நஷ்டஈடு கேட்டாலும் வக்கீல்தான். அந்தக் கறுப்பு கோட்டை நம் பிள்ளைகள் ஏன் போடக்கூடாது? தாராளமாகப் போடலாம். ஆனால், விதிகளை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும்.

இரண்டு வழிகள்

12-ம் வகுப்பு தேறியவர்களுக்கு 5 ஆண்டுப் படிப்பு. பட்டதாரிகளுக்கு 3 ஆண்டுப் படிப்பு. இந்திய பார் கவுன்சில் விதிப்படி குறைந்தது 45 சதவீத மார்க் வேண்டும். பிற்பட்டோருக்கு 42, ஷெட்யூல்டு வகுப்பினருக்கு 40.

மராட்டிய மாநில அரசு நடத்தும் நுழைவுத் தேர்வை எழுத வேண்டும். சட்ட அறிவு, பொது அறிவு, தர்க்கம், ஆங்கிலம் ஆகியவற்றில் கேள்விகள் வரும். ஆங்கிலத்திலும் மராத்தியிலும் எழுதலாம். தவறான விடைக்கு மார்க் குறைக்க மாட்டார்கள்.

சர்ச்கேட்டில் உள்ள அரசு சட்டக் கல்லூரி 1855-ல் தொடங்கியது. டாக்டர் அம்பேத்கர் 1935-ல் அதன் பிரின்சிபாலாகப் பொறுப்பேற்றார். தனியார் கல்லூரிகளைவிட இங்கே கட்டணம் குறைவு. மாதுங்காவிலும் செம்பூரிலும் கூட சட்டக் கல்லூரிகள் உள்ளன.

தபால் படிப்பு உதவாது

தபாலில் சட்டம் படித்தால் வக்கீலாகப் பதிவு செய்ய முடியாது. 10-ம் வகுப்பு, 12-ம் வகுப்பு படிக்காமல் திறந்தவெளிப் பல்கலைக்கழகத்தில் நேரடியாக வாங்கிய பட்டத்தை வைத்தும் சட்டக் கல்லூரியில் சேர முடியாது. பணம் கட்டும் முன்பே இதை விசாரியுங்கள்.

ஊர் சான்றிதழ் செல்லுமா?

தமிழ்நாட்டில் வாங்கிய ஷெட்யூல்டு வகுப்புச் சான்றிதழைக் காட்டி இங்கே ஒதுக்கீட்டு இடம் கேட்க முடியாது. இது பல குடும்பங்களுக்குக் கடைசி நேரத்தில்தான் தெரிகிறது.

ஆந்திராவில் பழங்குடிச் சான்றிதழ் பெற்ற ஒருவர் பம்பாயில் வேலைக்கு வந்தார். சிறு வயதிலேயே இங்கு வந்து படித்த அவருடைய மகனுக்கு, இங்குள்ள மருத்துவக் கல்லூரிகளில் பழங்குடி இடம் மறுக்கப்பட்டது. சந்திரசேகர ராவ் வழக்கு எனப்படும் அந்த வழக்கில் 1990-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு அளித்தது. 'சாதிப் பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் தனி. ஒரு மாநிலத்துச் சலுகை அடுத்த மாநிலத்துக்குக் கூட வராது' என்பதே அதன் சாரம்.

எனவே, பொதுப் பிரிவுக்கான மார்க்கையே குறியாக வைத்துப் பிள்ளைகளைப் படிக்க வையுங்கள்.

வேலை பார்ப்பவர்களுக்கு

வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாமா? காலை நேர வகுப்பு நடத்தும் கல்லூரிகள் பம்பாயில் உண்டு. இரவுக் கல்லூரி கிடையாது. வகுப்புகளைக் காலை 8 மணிக்கும் இரவு 7 மணிக்கும் இடையில்தான் நடத்த வேண்டும் என்பது விதி. 70 சதவீத வருகையும் விதியில் உண்டு. ஆபீசில் நேரம் கேட்டு வைத்துக்கொண்டு சேருவது நல்லது.

படித்து முடித்தாலும், முழுநேரச் சம்பள வேலையில் இருந்துகொண்டு வக்கீல் தொழில் செய்ய முடியாது. தொழிலா, வேலையா என்று முடிவு செய்தாக வேண்டும். சீனியரிடம் தொழில் பழகும் தொடக்க ஆண்டுகளில் வருமானம் குறைவு. அதற்கும் கையில் சேமிப்பு வேண்டும்.

பதிவுக் கட்டணம் 750 ரூபாய்!

பட்டம் பெற்றதும் மராட்டிய-கோவா பார் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். அகில இந்திய பார் தேர்விலும் தேற வேண்டும்.

முன்பு மாநில பார் கவுன்சில்கள் பதிவுக்குப் பல ஆயிரம் ரூபாய் வாங்கின. ஏழைப் பிள்ளைகள் திணறினார்கள். 2024 ஜூலை 30-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு இதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. வக்கீல்கள் சட்டத்தில் உள்ளபடி 750 ரூபாய்தான் வாங்கலாம். ஷெட்யூல்டு வகுப்பினருக்கும் பழங்குடியினருக்கும் 125 ரூபாய். முத்திரைக் கட்டணம் இருந்தால் அது மட்டும் தனி.

நீதிபதி வேலைக்கும் இதுவே முதல் படி. சிவில் நீதிபதித் தேர்வு எழுத 3 ஆண்டு வக்கீல் அனுபவம் வேண்டும் என்று 2025 மே மாதம் சுப்ரீம் கோர்ட்டு கூறியுள்ளது.

மகனோ மகளோ 12-ம் வகுப்பில் இருந்தால், இன்றே உட்கார வைத்துப் பேசுங்கள்!