மூடிய அறைக்குள் ஒரு காற்றுமானி

ஏ.சி. போட்ட அறையில் காற்று சுத்தமாக இருக்கும் என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். குளிர்ச்சியையும் சுத்தத்தையும் மனம் ஒன்றாக்கிக்கொள்கிறது. ஆனால் பள்ளிகளிலும் சிறிய அலுவலகங்களிலும் சுவரில் மாட்டியிருக்கும் சாதாரண ஸ்ப்ளிட் ஏ.சி. வெளிக்காற்றைத் துளிகூட உள்ளே கொண்டுவருவதில்லை. அறையில் இருக்கும் அதே காற்றை இழுத்து, குளிர்வித்து, திரும்ப அறைக்குள்ளேயே விடுகிறது. வெளியே மாட்டியிருக்கும் பெட்டி வெப்பத்தைத்தான் வெளியேற்றுகிறது, காற்றை அல்ல. கதவையும் ஜன்னலையும் சாத்திவிட்டால் உள்ளே இருப்பவர்கள் விட்ட மூச்சு உள்ளேயே சேர்ந்துகொண்டு போகும். எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று மூக்கு சொல்லாது. அறைக்குள் வந்த சில நிமிடங்களில் வாடை பழகிவிடும். கரியமில வாயுவுக்கோ வாடையே கிடையாது.

அதைக் கண்டு சொல்லத்தான் கையடக்கமான காற்றுமானிகள் வந்திருக்கின்றன. மேசைமேல் வைக்கலாம், பையில் போட்டுக்கொண்டு அடுத்த அறைக்கு எடுத்துப் போகலாம். திரையில் முதன்மையாகத் தெரிவது ஓர் எண்: பத்து லட்சம் பங்கு காற்றில் கரியமில வாயு எத்தனை பங்கு என்பது. இந்த அலகுக்கு பிபிஎம் என்று பெயர். திறந்தவெளியில் இன்று அது 425ஐ ஒட்டி இருக்கிறது. நம் வெளிமூச்சில் சுமார் 40,000. அறையின் எண் இந்த இரண்டுக்கும் நடுவே எங்கே நிற்கிறது என்று பார்த்தால், நாம் இழுக்கும் காற்றில் எவ்வளவு பிறர் விட்ட மூச்சு என்று கணக்கிட்டுவிடலாம். 2,500 என்று காட்டினால், ஏறத்தாழ 20ல் ஒரு பங்கு ஏற்கெனவே யாரோ ஒருவரின் நுரையீரலுக்குள் போய் வந்த காற்று.

ஒரு வகுப்பறையை எடுத்துக்கொள்வோம். 8 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 3 மீட்டருக்குச் சற்றே கூடுதலான உயரம்; உள்ளே 40 பிள்ளைகள். உட்கார்ந்து படிக்கும் ஒரு பிள்ளை மணிக்குச் சுமார் 15 லிட்டர் கரியமில வாயுவை வெளிவிடும் என்று வைத்துக்கொண்டால், எல்லோருமாக 600 லிட்டர். அறையின் கொள்ளளவு ஏறத்தாழ ஒன்றரை லட்சம் லிட்டர். இடுக்கே இல்லாத அறையாக இருந்தால் மணிக்கு 4,000 பிபிஎம் வீதம் ஏறும். பத்தே நிமிடத்தில் 1,000ஐ எட்டிவிடும். கதவிடுக்கு, ஜன்னல் சந்து வழியாகக் கொஞ்சம் காற்று வந்துபோவதால் நிஜத்தில் ஏற்றம் இதைவிட மெதுவாக இருக்கும். நம் ஊர்ப் பழைய பள்ளிக் கட்டடங்களில் எதிரெதிரே ஜன்னல்களும், சுவரின் உச்சியில் காற்றுத் துளைகளும் விட்டுக் கட்டினார்கள். ஏ.சி. வந்ததும் நாம் முதலில் அடைத்தது அவற்றைத்தான்.

1,000 என்ற எல்லை புதிதன்று. 1858ல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் மாக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபர் என்ற சுகாதார அறிஞர் வகுத்தது அது. அந்த அளவில் கரியமில வாயு நஞ்சாகிவிடும் என்று அவர் சொல்லவில்லை. தொழிற்சாலைகளில் எட்டு மணி நேர வேலைக்கு 5,000 வரை இன்றும் பல நாடுகள் அனுமதிக்கின்றன. மூச்சோடு வெளிவரும் மற்றவை எவ்வளவு தேங்கியிருக்கின்றன என்பதற்கு அவர் அந்த வாயுவை ஓர் அடையாளமாகக் கொண்டார். அந்த 'மற்றவை'யில்தான் கிருமிகள் இருக்கின்றன.

இதற்கு நான் அறிந்த மிக வலுவான சான்று தைவானிலிருந்து வருகிறது. தைபேயில் ஒரு பல்கலைக்கழகத்தில் காசநோய் பரவியது. கட்டடத்தில் அளந்து பார்த்தபோது கரியமில வாயு 3,000ஐத் தாண்டியிருந்தது. காற்றோட்டத்தைச் சீர்செய்து அதை 600க்கு இறக்கினார்கள். நோயாளிகளுடன் பழகியவர்களிடையே புதிதாகக் காசநோய் வருவது, மற்றக் காரணங்களைக் கழித்துப் பார்த்தபோதும், 97 சதவீதம் குறைந்தது என 2020ல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. உலகின் காசநோயாளிகளில் ஏறத்தாழ நாலில் ஒருவர் இந்தியாவில் இருக்கும்போது, இந்த எண்ணை நாம் எளிதாகக் கடந்துபோக முடியாது. கரியமில வாயு மிகுந்தால் சிந்தனை மந்தமாகுமா என்பதில் ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. நோய்ப்பரவல் ஒன்றே போதுமான காரணம் என்பது என் எண்ணம்.

கருவி எப்படி அளக்கிறது? கரியமில வாயு 4.26 மைக்ரான் அலைநீளமுள்ள அகச்சிவப்புக் கதிரை விழுங்கும் இயல்புடையது. வாயுக்கள் வெப்பக் கதிரை உறிஞ்சுவதை 1859ல் லண்டனில் ஜான் டிண்டல் ஒரு நீண்ட குழாயை வைத்து அளந்து காட்டினார். அதே சோதனையைத்தான் இன்றைய கருவி விரல் நீளக் குழாயில் செய்கிறது: ஒரு முனையில் சிறு விளக்கு, மறுமுனையில் உணரி, நடுவே அறைக்காற்று. வந்துசேரும் கதிர் எவ்வளவு குறைகிறதோ அந்த அளவுக்கு வாயு இருக்கிறது என்று பொருள். இதைவிடச் சிறிய இன்னொரு வகையும் உண்டு. கதிரை விட்டு விட்டு அடித்தால், அதை விழுங்கும் வாயு சூடாகி விரிந்து சுருங்கும். அதில் எழும் மெல்லிய ஒலியை ஒரு நுண்ணிய மைக் கேட்டு அளக்கிறது. ஒளி ஒலியாகும் இந்த விளைவை 1880ல் கண்டவர் தொலைபேசி தந்த கிரகாம் பெல். இந்த முறையில் சுவிட்சர்லாந்தின் சென்சிரியன் நிறுவனம் செய்யும் உணரி ஒரு சென்டிமீட்டர் சதுரத்துக்குள் அடங்கிவிடுகிறது.

நாள்பட நாள்பட உணரியின் அளவு நகர்ந்துபோகும். அதைச் சரிசெய்யப் பல கருவிகள் ஓர் ஊகத்தை வைத்திருக்கின்றன: கடந்த ஒரு வாரத்தில் பதிவான மிகக் குறைந்த எண் வெளிக்காற்றின் அளவாகத்தான் இருக்கும் என்பது. மாலையில் காலியாகி, ஞாயிறு முழுக்கப் பூட்டிக் கிடக்கும் பள்ளிக்கு இந்த ஊகம் பொருந்தும். சென்னை பழைய மகாபலிபுரம் சாலையில் மூன்று ஷிப்ட்டும் ஆள் இருக்கும் அலுவலகத்துக்குப் பொருந்தாது. அங்கே எண் 700க்குக் கீழே இறங்கவே இறங்காது என்றால், கருவி அந்த 700ஐயே 400 என்று எடுத்துக்கொண்டு, அதன்பின் எல்லாவற்றையும் குறைத்துக் காட்டும். அப்படிப்பட்ட இடங்களில் தானியங்கித் திருத்தத்தை நிறுத்திவிட்டு, அவ்வப்போது கருவியை மொட்டைமாடிக்கு எடுத்துப்போய் வெளிக்காற்றில் வைத்து நாமே திருத்த வேண்டும்.

வாங்கும்போது ஓர் எச்சரிக்கை. மிக மலிவான சில கருவிகள் கரியமில வாயுவை அளப்பதே இல்லை. ஆல்கஹால் போன்ற ஆவிகளை உணரும் ஒரு சில்லை வைத்துக்கொண்டு, அதிலிருந்து ஓர் எண்ணை ஊகித்துக் காட்டுகின்றன. பக்கத்தில் சானிடைசர் தடவும்போது எண் சட்டென்று எகிறினால் அது அந்த வகை. பெட்டியில் அகச்சிவப்பு அல்லது ஒளி-ஒலி உணரி என்று தெளிவாகப் போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

பல கருவிகள் பிஎம் 2.5 என்ற நுண்துகளையும் அளக்கின்றன: 2.5 மைக்ரானும் அதற்குக் கீழும் உள்ள தூசி. ஜன்னல் வழி விழும் வெயிலில் தூசி மினுங்குவதுபோல, உள்ளே ஒரு லேசர் ஒளியில் துகள்கள் சிதறடிக்கும் வெளிச்சத்தை வைத்துக் கணக்கிடுகின்றன. மழைக்கால ஈரத்தில் துகள்கள் நீரேறிப் பருத்துவிடுவதால் எண் கூடுதலாகக் காட்டும். 24 மணி நேரச் சராசரிக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு கன மீட்டருக்கு 15 மைக்ரோகிராம். இந்தியத் தரநிலை 60.

கரியமில வாயு, நுண்துகள் ஆகிய இரண்டின் எண்களும் ஒன்றோடொன்று மோதும் இடம் டெல்லியின் குளிர்காலம். ஜன்னலைத் திறந்தால் கரியமில வாயு இறங்கும், புகை ஏறும், மூடினால் நேர்மாறு. காற்றுச் சுத்திகரிப்பான் துகளையும் கிருமி சுமக்கும் நுண்துளிகளையும் பிடிக்கும். கரியமில வாயுவைத் தொடாது. ஆகவே சுத்திகரிப்பான் ஓடும் அறையில் கரியமில வாயு எண்ணை மட்டும் பார்த்து முடிவுக்கு வரக்கூடாது. சாலையோரப் பள்ளிகளில் போகியன்றும் தீபாவளியையொட்டியும் இந்தச் சிக்கல் நம் ஊருக்கும் வரும். ஆண்டின் மற்ற நாட்களில் பெரும்பாலும், ஜன்னலைத் திறப்பதே சரி.

இங்கிலாந்து அரசு 2021ல் தன் பள்ளிகளுக்கு மூன்று லட்சம் கரியமில வாயு மானிகளை வழங்கப்போவதாக அறிவித்தது. ஜப்பானில் பள்ளி வகுப்பறைக்கு 1,500 என்ற வரையறை உண்டு. நம் பள்ளிகள் அரசாணைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு பள்ளிக்கு ஒரு கருவி போதும், சில ஆயிரம் ரூபாயிலிருந்து கிடைக்கிறது. வாரம் ஓர் அறையாகச் சுற்றிவரட்டும். பிள்ளைகள் உட்கார்ந்திருக்கையில் தலை இருக்கும் உயரத்தில், ஜன்னலிலிருந்தும் கதவிலிருந்தும் தள்ளி, யாருடைய மூச்சும் நேரே படாதபடி அரை மீட்டருக்கு மேல் விலக்கி வையுங்கள். எண்ணைக் குறித்துவைக்கும் பொறுப்பைப் பிள்ளைகளிடமே கொடுங்கள். 800க்குள் இருந்தால் நல்லது. 1,500க்கு மேலேயே நின்றால் அந்த அறைக்கு எக்ஸாஸ்ட் ஃபேனோ திறந்த ஜன்னலோ உடனே தேவை. ஏ.சி. ஓடும்போதுகூட இரண்டு ஜன்னல்களை ஒரு சாண் திறந்துவைத்தால் எண் இறங்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அதற்காகக் கூடும் மின்கட்டணத்தைக் கட்டிவிடலாம்.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில், ஏ.சி. வகுப்பறைக்கு வெளிக்காற்று எந்த வழியாக வருகிறது என்று கேளுங்கள். வழி இல்லை என்று தெரிந்தால், ஒன்றை உண்டாக்கும்வரை விடாதீர்கள்.