மருத்துவக் கல்வியில் தலைமைத்துவம்

எதிர்காலத்தில் யாராக விரும்புகின்றீர்கள் என்று நம் மாணவரைக் கேட்டால், வைத்தியர் என்ற விடையே இன்றும் முந்தி வருகின்றது. பெற்றோரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு கூறப்படும் விடையாகவும் அது சிலவேளை இருப்பதுண்டு. எவ்வாறாயினும், சுவிற்சர்லாந்தில் வைத்தியராக விழைபவர் உடற்கூற்றையும் மருந்தியலையும் மட்டுமன்றி வேறொன்றையும் கற்றாக வேண்டும். அதுவே தலைமைத்துவம்.

தலைமை என்றவுடன் கட்டளையிடுதலே நம் நினைவுக்கு வருகின்றது. ஊரில் பெரிய வைத்தியர் விடுதியைச் சுற்றி வரும்போது, தாதியரும் மாணவரும் வாய் திறவாது பின்னே செல்வதைக் கண்டு வளர்ந்தவர்கள் நாம். இங்கே கற்பிக்கப்படுவதோ இதற்கு ஏறக்குறைய நேர்மாறானது.

வைத்தியருக்குரிய பணிகளை ஏழாக வகுத்த கனடிய நாட்டுச் சட்டகம் 1996இல் வெளிவந்தது. அவ்வேழனுள் ஒன்று முதலில் முகாமையாளர் என்றே பெயர் பெற்றிருந்தது; 2015இல் அது தலைவர் என மாற்றப்பட்டது. சுவிஸ் மருத்துவ பீடங்களுக்கென 2017இல் உருவான 'புறோபைல்ஸ்' என்னும் கல்வி வழிகாட்டியும் இச்சட்டகத்தைத் தழுவியதே. பட்டம் பெற்றவர் பணியேற்கும் முதல் நாளிலேயே செய்யத்தக்க ஒன்பது செயல்களை அது வரையறுக்கின்றது. நோய் வரலாறு கேட்டல் முதற் செயல். எட்டாவது, நோயாளியைப் பற்றிய விபரங்களை எழுதி அடுத்தவரிடம் ஒப்படைத்தல். ஒன்பதாவது, நோயாளியின் பாதுகாப்பைப் பேணும் பண்பாட்டுக்குத் துணைநிற்றல்.

ஒப்படைத்தலில் தலைமை எங்கே உள்ளது என்று வினவலாம். மாலையில் பணி முடிப்பவர், இரவில் வருபவரிடம் எதைக் கூறுகின்றார்? இந்நோயாளிக்குப் பென்சிலின் ஒவ்வாது என்னும் ஒரு வசனம் விடுபட்டால் உயிரே போகக்கூடும். பொறுப்பு இடையில் அறுந்துவிடாது பார்த்துக்கொள்பவரே அங்கே தலைவர். அவர் அவ்விடுதியில் வயதில் மிக இளையவராகவும் இருக்கலாம்.

பேசாதிருந்தால் என்ன நேரும் என்பதற்கு இங்கிலாந்தின் பிறிஸ்ரல் நகரம் சான்று. அங்கு குழந்தைகளுக்குச் செய்யப்பட்ட இருதய சத்திரசிகிச்சை குறித்த விசாரணையின் அறிக்கை 2001இல் வெளிவந்தது. 1991 முதல் 1995 வரை, ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் எதிர்பார்க்கத்தக்க அளவிலும் 30 முதல் 35 பேர் அதிகமாக இறந்தனர் என்று அது கூறிற்று. மயக்கமருந்து வைத்தியர் ஒருவர் முன்னரே எச்சரித்திருந்தார், கேட்பாரில்லை.

2008இல் உலக சுகாதார நிறுவனம் சத்திரசிகிச்சைக்கான சரிபார்ப்புப் பட்டியலை வெளியிட்டது. கத்தி வைக்குமுன் அறையிலுள்ள ஒவ்வொருவரும் தம் பெயரையும் பணியையும் கூற வேண்டும். சிறுபிள்ளை விளையாட்டுப் போலத் தோன்றுகிறதல்லவா? ஒருமுறை வாய் திறந்தவர் ஆபத்தைக் காணும்போதும் தயங்காது திறப்பார் என்பதே அதன் உட்கருத்து. புதுடில்லி உட்பட 8 நகரங்களில் இதனைச் சோதித்தபோது இறப்பு 1.5 வீதத்திலிருந்து 0.8 வீதமாகக் குறைந்ததென 2009இல் ஆய்வாளர் அறிவித்தனர்.

இங்கேதான் நமக்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. பெரியோர் பேசுகையில் குறுக்கிடாதே என்று வீட்டிலும், ஏன், நம் தமிழ் வகுப்பிலும் சொல்லி வளர்க்கின்றோம். அவ்வாறு வளர்ந்த மாணவி, இடது காலுக்குப் பதிலாக வலது காலில் அடையாளமிடப்படுவதைக் கண்டால், தலைமை வைத்தியரிடம் அதைச் சொல்வாளா? மரியாதையை விட்டுவிட வேண்டும் என்பது நம் கருத்தன்று. "ஐயா, ஒருமுறை பாருங்கள்" என்பதும் மரியாதையான சொல்லே. அச்சொல்லுக்கு வீட்டில் இடமளித்தல் வேண்டும்.

பல்கலைக்கழகம் புகுமுன் மருத்துவமனையில் தாதியருடன் சில வாரங்கள் பணிபுரியுமாறு சில பீடங்கள் கேட்கின்றன. கட்டில் விரிக்கவா நம் பிள்ளை படித்தது என்று பெற்றோர் சலிக்க வேண்டியதில்லை. "இவருடைய மூச்சு நேற்றுப்போல் இல்லை" என்று பின்னொரு நாள் தாதி ஒருவர் கூறும்போது, அச்சொல்லின் எடையை அப்பிள்ளை அறிந்திருக்கும்.