கரிசலில் ஒரு வீடு, குழந்தைக்கு ஏற்றபடி

மூளை முடக்குவாதம், தசைச்சிதைவு, தண்டுவடக் குறைபாடு ஆகியவற்றோடு வளரும் குழந்தைகளில் சிலருக்குச் சக்கர நாற்காலி மட்டும் போதாது. உணவூட்டும் குழாய், சளி உறிஞ்சும் கருவி, ஆக்சிஜன் கருவி என்று ஒவ்வொன்றாக வீட்டுக்குள் வந்து சேரும். அதுவரை படுக்கவும் சமைக்கவும் இருந்த வீடு, சிகிச்சைக்கும் இடம் தர வேண்டியதாகிறது. கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் வட்டாரக் கரிசல் காட்டில் இந்த மாற்றத்தை முடிவு செய்பவை மூன்று: மண், வெயில், மின்சாரம்.

வாசலும் மண்ணும்

கரிசல் மண் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊறி உப்பும். கோடையில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். சக்கர நாற்காலிக்காக வாசலில் சாய்தளம் கட்டுகிறவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது இதைத்தான். மத்திய அரசு 2021-இல் வெளியிட்ட அணுகல் நெறிமுறைகளின்படி, ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேண்டும். ஆறு அங்குலப் படி மூன்று இருந்தால் உயரம் ஒன்றரை அடி. சாய்தளம் 18 அடி. தெருவை ஒட்டிய வீட்டில் வாசலுக்கு நேரே அவ்வளவு இடம் கிடைப்பது அரிது. பக்கச் சந்திலோ கொல்லைப்புறத்திலோ நடுவில் ஒரு திருப்பத்துடன் கட்டலாம். நாற்காலி திரும்புவதற்கு ஐந்தடிச் சதுரம் சமதளமாக இருக்க வேண்டும்.

வீட்டின் அஸ்திவாரம் ஆழத்தில் நிற்கிறது. சாய்தளமோ மேல்மண்ணில் உட்கார்ந்திருக்கிறது. இரண்டையும் பிணைத்துக் கட்டினால், மண் உப்பும்போது இணைப்பில் வெடிப்பு விழும். அந்த இடத்துக் கரிசலை அள்ளிவிட்டு, சரள் கொட்டிக் கெட்டித்து, அதன் மேல் சாய்தளத்தைத் தனியாக எழுப்புவதே சரி. சுவருக்கும் அதற்கும் நடுவில் சிறு இடைவெளி விட்டு, நெகிழும் பொருளால் அடைத்துவிடலாம்.

அடுத்தது நிலைப்படி. மஞ்சள் குங்குமம் வைக்கும் நிலைப்படியை அறுத்தெடுக்கப் பல குடும்பங்களுக்கு மனம் வராது; அறுக்கவும் வேண்டியதில்லை. அதன் இருபுறமும் சரிவாகச் செதுக்கிய மரப்பலகையைப் பொருத்தினால் சக்கரம் ஏறி இறங்கிவிடும். கதவின் திறப்பு மட்டும் 90 சென்டிமீட்டர் இருப்பது நல்லது. பழைய நிலை குறுகலாக இருந்தால், குழந்தை புழங்கும் அறைக்கு மட்டும் அகலமான நிலை வைத்தால் போதும்.

குளியலறை கொல்லையில் தனியாக இருக்கும் வீடுகளில், படுக்கைக்குப் பக்கத்திலேயே குளிக்க இடம் ஒதுக்க வேண்டியிருக்கும். அந்தத் தண்ணீர் சுவரோரத்தில் இறங்கினால் ஒரு பக்க மண் மட்டும் உப்பிச் சுவர் விரிசல் விடும். குழாய் போட்டு வீட்டைவிட்டு விலக்கிக் கொண்டுபோய்விட வேண்டும்.

வெயிலும் காற்றும்

மேற்குச் சுவரை ஒட்டிய அறை சாயங்காலம் அனலாகக் கொதிக்கும். கடும் வெக்கை சில குழந்தைகளுக்கு வலிப்பைத் தூண்டும், நீர்ச்சத்தையும் வற்றவைக்கும். கிழக்கு அல்லது வடக்குச் சுவரை ஒட்டிய அறை குழந்தைக்கு ஏற்றது. மொட்டைமாடிக்கு வெள்ளைப் பூச்சு, தகரக்கூரை என்றால் அதன் கீழே ஒரு தடுப்புக்கூரை, இரண்டும் சூட்டைக் குறைக்கும். ஆனி, ஆடிக் காற்று அள்ளிவரும் புழுதி, கழுத்தில் சுவாசக்குழாய் பொருத்திய குழந்தைக்கு ஆகாது. மேல்காற்று வரும் ஜன்னலுக்கு நெருக்கமான வலை அடித்து, தரையை ஈரத்துணியால் துடைப்பது நல்லது.

மின்சாரமும் நெருப்பும்

ஐந்து லிட்டர் ஆக்சிஜன் செறிவூட்டி ஏறத்தாழ 350 வாட் இழுக்கும். இரவு பகலாக ஓடினால் நாளுக்கு எட்டு யூனிட்டுக்கு மேல். இரண்டு மாதத்தில் சுமார் 500 யூனிட். வீடுகளுக்கு இரு மாதத்துக்கு ஒருமுறை கிடைக்கும் 100 இலவச யூனிட் இரண்டு வாரம்கூடத் தாங்காது. இன்வெர்ட்டரில் 150 ஆம்ப்-அவர் பேட்டரி ஒன்று இருந்தால் இந்தக் கருவி மூன்று நான்கு மணி நேரம் ஓடும். மின்தடை அதற்கு மேல் நீண்டால் சிலிண்டர் வேண்டும். சளி எடுக்கக் கையாலோ காலாலோ இயக்கும் கருவி ஒன்றும் வீட்டில் இருக்க வேண்டும். மின்சாரத்தில் ஓடும் கருவிகளுக்கெனத் தனி மின்னிணைப்பும் சரியான எர்த்தும் அவசியம்.

தீப்பெட்டித் தொழில் நடக்கும் ஊரில் இன்னொரு எச்சரிக்கையும் தேவை. ஆக்சிஜன் தானாக எரியாது. ஆனால் சிறு பொறியையும் பெருநெருப்பாக்கும். தீக்குச்சி அடைக்கும் வேலை, விறகடுப்பு, சாமி விளக்கு, சாம்பிராணி எதுவும் அந்த அறையில் கூடாது. தீ பத்தடிக்கு அப்பால்தான் இருக்க வேண்டும்.

தாயின் முதுகு

பத்து வயதுக் குழந்தை 25 கிலோவுக்கு மேல்கூட இருக்கலாம். நாளுக்குப் பலமுறை குனிந்து தூக்குகிறவருக்கு முதுகுவலி எளிதில் வரும். கட்டிலைப் பராமரிப்பவரின் இடுப்பு உயரத்துக்கு ஏற்றிவைப்பது செலவில்லாத முதல் தீர்வு. குழந்தையைத் தூக்கி இறக்கும் சக்கரம் வைத்த கருவி (தூக்கி) வாங்குவதென்றால், அதன் கால்கள் நுழையக் கட்டிலுக்கு அடியில் இடம் வேண்டும். மின்விசிறிக் கொக்கியில் எந்தத் தூக்கியையும் மாட்டக் கூடாது.

உதவி கிடைக்கும் இடங்கள்

தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் 1981-இல் எஸ். ராமகிருஷ்ணன் தொடங்கிய அமர் சேவா சங்கம், குழந்தைகளின் வீட்டுக்கே சென்று பயிற்சி தரும் முறையைக் கிராமங்களில் வளர்த்திருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சையும் வலிநிவாரணப் பராமரிப்பும் வீட்டுக்கே வருகின்றன. கடுமையான பாதிப்புள்ளோருக்குத் தமிழக அரசு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை வழங்குகிறது. மூளை முடக்குவாதம், ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளோருக்கு நிராமயா காப்பீடு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை கைகொடுக்கும்.

கொத்தனாரைக் கூப்பிடும் முன் இயன்முறைச் சிகிச்சையாளரை ஒருமுறை வீட்டுக்கு அழைத்துக் காட்டுவது நல்லது. கட்டிலின் உயரம், அறை, மின்னிணைப்பு ஆகிய மூன்றையும் முதலில் சரிசெய்துவிட்டு, சாய்தளத்தை மழைக்காலம் வருமுன் கோடையில் கட்டிக்கொள்ளலாம். இந்த வரிசையில் போனால், கையிலுள்ள பணம் குழந்தைக்கு முதலில் தேவைப்படுவதற்கே செலவாகும்.